மாஸ்டர், உங்க மாஸ்டர் யாரு?

இந்த நாட்டில் ஸ்கூட்டர் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். பஜ்ஜிக் கடை போட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். மொட்டை மாடியில் ஒரு ரூம் எழுப்ப கார்ப்பரேஷன் அனுமதி வேண்டும். ஆனால் அடுத்தவர் பெற்ற பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, 'இவன் தாடையில் அவன் உதைக்கட்டும், அவன் விலாவில் இவன் குத்தட்டும்' என்று சொல்லிக்கொடுக்க... ஊஹூம், ஒரு லைசென்ஸும் வேண்டாம். ஒரு வெள்ளை டிரஸ், ஒரு கறுப்பு பெல்ட், ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். போதும். பேனரில் புரூஸ் லீ படம் இருந்தால் விசேஷம். (அவர் கற்றது விங் சுன் என்கிற சீனத்துக் குங்ஃபூ. ஆனாலும் அவர் முகம் இல்லாமல் நம்மூரில் கராத்தே கிளாஸ் திறப்பது, பிள்ளையார் சுழி போடாமல் கடிதம் எழுதுகிற மாதிரி.)

நான் பகலில் ஃபைல் பார்ப்பவன். சாயங்காலம் வாரத்துக்கு மூன்று நாள் கராத்தே. பதினாறு வருஷமாக இதே பிழைப்பு. இதுவரை ஒரு வில்லனையும் வீழ்த்தியதில்லை. உடைந்தது என்று பார்த்தால் என் கால் சுண்டு விரல் மட்டும்தான். இருந்தாலும் ஆபீசில் 'கராத்தே சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள், தொப்பையைக் குறைக்க நினைப்பவர்கள், மேனேஜரை உதைக்க நினைப்பவர்கள் எல்லோரும் என் டேபிளுக்குத்தான் வருகிறார்கள்.

"சார், எங்க ஏரியால ஒரு மாஸ்டர் இருக்கார். ஏழாவது டானாம். நம்பிச் சேரலாமா?"

முதலில் இந்த 'டான்' சமாச்சாரத்தைப் பார்த்துவிடலாம். பெல்ட், டான் எல்லாம் ஆதிகாலத்து ரிஷிகள் கொடுத்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இல்லை. ஜப்பானில் ஜிகோரோ கானோ என்று ஒரு படித்த மனிதர். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டராகவெல்லாம் இருந்தவர். 1882-ல் ஜூடோவுக்காக 'கோடோகான்' பள்ளியைத் தொடங்கினார். மறு வருஷம் தன் மாணவர்கள் இரண்டு பேருக்கு 'ஷோடான்' என்று ஒரு தகுதி கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கறுப்பு பெல்ட் வந்தது. கராத்தே அதை ஜூடோவிடமிருந்து கடன் வாங்கியது. ஒகினாவா தீவிலிருந்து 1922-ல் டோக்கியோவுக்கு வந்த கிச்சின் ஃபுனாகோஷி, 1924-ல்தான் தன் மாணவர்களுக்கு முதல் முறையாகக் கறுப்பு பெல்ட் கட்டினார். 'ஷோ' என்றால் ஆரம்பம். அதாவது, நாம் 'ஆஹா, பிளாக் பெல்ட்!' என்று வாயைப் பிளக்கிறோமே, அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆரம்பப் படி. அரிச்சுவடி முடிந்தது, இனிமேல் பாடம் என்று அர்த்தம்.

அப்புறம் கணக்கு. பல சங்கங்களில் ஒரு விதி உண்டு: ஒரு டானிலிருந்து அடுத்த டானுக்குப் போக, போகிற டானின் எண் எத்தனையோ அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும். இரண்டாவதுக்கு இரண்டு வருஷம், மூன்றாவதுக்கு மூன்று... ஏழாவது வரை கூட்டினால் 27 வருஷம். பதினைந்து வயதிலேயே கறுப்பு பெல்ட் கட்டியவர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஏழாவது டான் மாஸ்டருக்கு நாற்பத்திரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். பேனரில் இருக்கிறவருக்கு மீசையே இப்போதுதான் அரும்புகிறது என்றால் எங்கேயோ உதைக்கிறது. அவர் அல்ல, கணக்கு.

சரி, சர்டிபிகேட்? சுவர் நிறைய மாட்டியிருக்கும். 'சர்வதேச', 'உலக', 'அகில' என்று ஆரம்பிக்காத ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. 'அரியலூர் வட்ட' என்று ஒரு சர்டிபிகேட் இருந்தால் உடனே நம்பிவிடுவேன். கராத்தேயில் பாணிகள் பல, ஒவ்வொரு பாணிக்கும் சங்கங்கள் பல, ஒவ்வொரு சங்கமும் உடைந்து உண்டான சங்கங்கள் பல. (நம் கட்சிகளிடம் கற்றதா, கட்சிகள் இவர்களிடம் கற்றதா என்பது ஆராய்ச்சிக்குரியது.) கலர் பிரின்டர் வைத்திருப்பவர் எவரும் ஒரு சங்கம் ஆரம்பித்துத் தனக்குத் தானே பத்தாவது டான் கொடுத்துக்கொள்ளலாம். தடுக்க ஆளில்லை.

அடுத்தது ஓடு உடைப்பது. பள்ளி ஆண்டு விழாவில் மாஸ்டர் 'ஹூய்' என்று கத்திப் பத்து ஓடுகளைப் பிளந்ததும் அம்மாக்கள் அட்மிஷன் ஃபாரம் கேட்டு ஓடுவார்கள். ஓடுகளுக்கு நடுவே சின்னக் குச்சிகள் செருகியிருப்பதைக் கவனித்தீர்களா? இடைவெளி விட்டு அடுக்கினால் பத்தும் சேர்ந்து எதிர்க்காது. மேலே உள்ளது உடைந்து கீழே விழ, ஒவ்வொன்றாக உடையும். பலகை என்றால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே பிளப்பார்கள். குறுக்கே உடைக்கச் சொல்லிப் பாருங்கள், மாஸ்டருக்கு அவசர வேலை வந்துவிடும். ஆணிப் படுக்கையில் படுத்து நெஞ்சின் மேல் கல்லை வைத்துச் சம்மட்டியால் அடிப்பதும் இதே ரகம். உடம்பின் எடையை அத்தனை ஆணிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கனமான கல் அடியை வாங்கிக்கொள்கிறது. பௌதிகம் சார், பௌதிகம். இதிலெல்லாம் தைரியம் வேண்டும், பழக்கம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டியூப் லைட்டை நெஞ்சில் உடைக்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதையே கிடையாது. கண்ணாடித் தூளும் பாதரச ஆவியும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்குத்தான் போகிறது.

டான் நிஜமாகவே இருக்கட்டும். மெடலும் நிஜமாகவே இருக்கட்டும். அவர் கற்றுக்கொண்டார் என்பதற்குத்தான் அது சாட்சி. நமக்குக் கற்றுக்கொடுப்பாரா? அது வேறு டிபார்ட்மென்ட். மைக் டைசனை உருவாக்கிய கஸ் டமாட்டோ தொழில்முறைப் போட்டியில் ஒரு முறைகூட மேடை ஏறியவரல்ல. அவர் 1985-ல் கண்ணை மூடினார்; மறு வருஷம் அவர் சீடன் இருபது வயதில் உலகச் சாம்பியன்.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒரு மணி நேரம் போய் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாஸ்டரை அல்ல, கடைசி வரிசையை.

போன வருஷம் எங்கள் லோன் செக்‌ஷன் நண்பர் வந்தார். வயது முப்பத்து மூன்று, இடுப்பு முப்பத்தெட்டு. "டாக்டர் ஏதாவது எக்சர்சைஸ் பண்ணுன்னுட்டார் சார். ஜிம் போரடிக்குது. கராத்தே சேர்ந்துடலாம்னு..." என்றார். ஒரே வாரத்தில் மூன்று கிளாஸ்களுக்கு அழைத்துப் போனேன். மாப்பிள்ளை பார்க்கப் போவது போலத்தான். சொஜ்ஜி பஜ்ஜி கிடையாது, அவ்வளவுதான்.

முதல் கிளாஸ் ஒரு மொட்டை மாடி. நாற்பது பையன்கள். மாஸ்டரின் குரல் மூன்று தெரு கேட்கும். வார்ம்-அப்பே ஐம்பது தவளை ஜம்ப். பிறகு குந்திய வாக்கில் வாத்து நடை, மாடியைச் சுற்றி. பிறகு வெறும் சிமென்ட் தரையில் முஷ்டியை ஊன்றி தண்டால். பத்து வயசுப் பையன் ஒருவன், "மாஸ்டர், தண்ணி..." என்றான்.

"ஃபைட்டர் தண்ணி கேக்கமாட்டான்டா!"

"என்னா டிசிப்ளின் சார்!" என்று நண்பர் புல்லரித்தார். எனக்கு முட்டி வலித்தது, பார்த்ததற்கே. ஓரத்தில் ஒரு சின்னப் பையனைக் காலை விரித்து உட்கார வைத்து, தொடை மேல் பெரிய பையன் ஒருவனை ஏறி உட்காரச் சொன்னார் மாஸ்டர். பையன் அழுதான். "அழுதாத்தான் கால் திறக்கும்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். கால் திறக்காது, இடுப்புக்குக் கீழே தசைதான் கிழியும், ஆற மாசக்கணக்கில் ஆகும். வளர்கிற பிள்ளைக்கு எலும்பு முனைகளும் இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும். பயத்தைத்தான் டிசிப்ளின் என்று நண்பர் நினைத்துக்கொண்டார். பார்த்துப் பழகாதவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இரண்டாவது ஏ.சி. ஹால். கண்ணாடிக் கதவு, ரிசப்ஷனில் ஒரு பெண், சுவர் முழுக்கக் கண்ணாடி. பாத்ரூம் சுத்தம். (மூன்றில் இது ஒன்றில்தான்.)

"பதினெட்டு மாசத்துல பிளாக் பெல்ட் கேரண்டி சார். இஎம்ஐ வசதி இருக்கு."

லோன் செக்‌ஷன் அல்லவா? நண்பர் வட்டி விகிதம் கேட்டார். நான் வேறு ஒன்று கேட்டேன். "பெல்ட் டெஸ்ட்ல யாராவது ஃபெயில் ஆகியிருக்காங்களா?"

"சான்ஸே இல்ல சார். ஹண்ட்ரட் பர்சன்ட் ரிசல்ட்!"

பெருமையாகத்தான் சொன்னார். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் டெஸ்ட் ஃபீஸ் தனி, சர்டிபிகேட் தனி, பெல்ட் தனி. ஃபெயிலே ஆக முடியாத பரீட்சைக்குப் பெயர் பரீட்சை அல்ல, ரசீது. பேனரில் இருந்த மாஸ்டர் மாசத்துக்கு ஒரு முறை வருவாராம். மற்ற நாளில் கிளாஸ் எடுப்பது பத்தொன்பது வயதுப் பிரவுன் பெல்ட் பையன். பாவம், அவன் முகத்திலேயே 'எனக்கு செமஸ்டர் இருக்கு' என்று எழுதியிருந்தது.

மூன்றாவது, ஒரு பள்ளிக்கூட ஷெட். மாஸ்டருக்கு ஐம்பதுக்கு மேல். தொப்பை. நண்பர் என் காதில், "இவரே எங்கயாவது சேர வேண்டிய கேஸ் மாதிரி இருக்காரே!" என்றார். பெல்ட் வெளுத்து, ஓரங்களில் நூல் தெரிந்தது. தரையில் போட்டிருந்த மேட்களைப் பிரவுன் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். வந்ததும் நண்பரிடம் ஃபீஸ் பேசவில்லை.

"பிரஷர் இருக்கா? முட்டி, முதுகுல ஏதாவது ஆபரேஷன்? கடைசியா எப்ப ஓடினீங்க?"

"பஸ்ஸைப் பிடிக்கத்தான் சார் ஓடினேன்."

"பிடிச்சீங்களா?"

"இல்ல சார்."

"சரி, உக்காந்து பாருங்க."

அன்றைக்குக் கற்றுக்கொடுத்தது பின்பக்கமாக விழுவது. கடைசி வரிசையில் எட்டு ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி. முறை வந்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வரிசை காத்திருக்கிறது. 'போ, போ' என்று மற்ற பிள்ளைகள். அவள் கண்ணில் குளம் கட்டிவிட்டது. மாஸ்டர் வந்தார். சத்தம் போடவில்லை, தோளைத் தட்டி தைரியமும் சொல்லவில்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"நிக்க வேணாம். என்னை மாதிரி உக்காந்துக்க. தாடையை நெஞ்சுல ஒட்டு. பின்னந்தலை தரையில படவே கூடாது, அது ஒண்ணுதான் ரூல். இப்ப சாய்ஞ்சுக்க. கையால தரையை அடி."

சாய்ந்தாள். பிறகு குந்தினாள், சாய்ந்தாள். பத்து நிமிஷத்தில் நின்றபடியே விழுந்தாள். கைதட்டல் ஒன்றும் இல்லை. மாஸ்டர் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஃபைட்டில் இரண்டு பையன்களின் தலைகள் டணாரென்று மோதிக்கொண்டன. ஒருவன், "எனக்கு ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்று கெஞ்சியும் அவனை உட்கார வைத்துவிட்டார். "இன்னிக்கு அவ்வளவுதான்" என்று சொல்லி, அவன் அப்பாவுக்கு போன் போட்டு ராத்திரி வாந்தி, தலைவலி வருகிறதா பார்க்கச் சொன்னார்.

"போகலாமா சார், இங்க ஆக்‌ஷனே இல்லையே?" என்றார் நண்பர்.

எனக்குப் பார்க்க வேண்டியது கிடைத்துவிட்டது. தயங்குகிற பிள்ளையை இந்த ஆள் என்ன செய்கிறார்? இந்த ஒரு கேள்வியை நான் எங்கே போனாலும் விடுவதில்லை. ஏன் என்றால், 2018 ஜூலையில் கோவைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நடந்தது நினைவிருக்கும். பேரிடர் மீட்புப் பயிற்சி. இரண்டாவது மாடியிலிருந்து குதிக்க வேண்டும், கீழே வலை பிடித்திருக்கிறார்கள். பத்தொன்பது வயது மாணவி ஒருவர் விளிம்பில் உட்கார்ந்து தயங்கினார். பயிற்சியாளர் தள்ளிவிட்டார். கீழே இருந்த சன்ஷேடில் அடிபட்டு அந்தப் பெண் இறந்துபோனார். அந்த ஆளுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. அதுவரை அவர் பேச்சை யாரும் சந்தேகப்படவில்லை. அது கராத்தே கிளாஸ் அல்லதான். ஆனால் 'பயிற்சியாளர்' என்று ஒருவர் விறைப்பாக வந்து நின்றால் கேள்வி கேட்காத வழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கறுப்பு பெல்ட்டைக் கண்டுபிடித்த ஜப்பானே இதில் சூடுபட்டிருக்கிறது. 1983 முதல் 2011 வரை 29 வருஷத்தில் அங்கே பள்ளிக்கூட ஜூடோவில் 118 பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் தலையில் அடி. அதிலும் அப்போதுதான் சேர்ந்த முதல் வருஷப் பிள்ளைகள் அதிகம். விழக் கற்பதற்கு முன்னால் தூக்கி வீசப்பட்டவர்கள். தலை வலிக்கிறது என்று சொல்லியும் 'எழுந்திரு' என்று நிறுத்தப்பட்டவர்கள். பெற்றோர்கள் போராடி, விஷயம் பேப்பரில் வந்து, புதிய பிள்ளைகளை எப்படிப் பழக்குவது என்று விதிகள் இறுகிய பிறகுதான் சாவு குறைந்தது. பிரான்ஸ், பதிவு செய்துகொண்ட ஜூடோக்காரர்கள் எண்ணிக்கையில் ஜப்பானையே மிஞ்சிய நாடு. அவர்கள் 1955-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: காசு வாங்கிக்கொண்டு ஜூடோ சொல்லிக்கொடுக்க அரசு டிப்ளமா வேண்டும். பெல்ட் என்ன கலர் என்பது அப்புறம்.

நம்மூரில் அந்தச் சட்டம் வரும்வரை கேள்விகள்தான் கைவசம். நான் முதலில் கேட்பது, "மாஸ்டர், உங்க மாஸ்டர் யாரு?"

சாதாரணக் கேள்வி. ஆனால் போலி ஆட்களுக்குக் காய்ச்சல் வரும். நேராகக் கற்றவர் சந்தோஷமாகச் சொல்வார். எந்த ஊர், எத்தனை வருஷம், எதற்காக அடி வாங்கினார் என்பது வரை கதை வரும். "வேணும்னா பேசுங்க" என்று நம்பரும் கொடுப்பார். சிலம்பத்தில் பெல்ட்டும் கிடையாது, டானும் கிடையாது என்று இருந்த காலத்தில் இதுதானே அளவுகோல்? யாரிடம் கம்பு பிடித்தவர் என்று கேட்டால் ஊரே சொல்லும். காலடியும் வீச்சும் உடம்பில் ஏறாமல் எதிராளியின் முன்னால் நிறுத்தமாட்டார் நல்ல வாத்தியார். கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் வர்மம் சொல்லித்தருவதற்கு முன்னால் பையனின் குணத்தை வருஷக்கணக்கில் பார்ப்பார்கள். அங்கே பரீட்சை மாணவனுக்கு. நாம் மாஸ்டருக்கு வைக்க வேண்டியிருக்கிறது. காலம் அப்படி.

இன்னொரு கேள்வி, கத்தி. "மாஸ்டர், ராத்திரி ஒருத்தன் கத்தியைக் காட்டி பர்ஸைக் கேட்டா என்ன பண்றது?" மொட்டை மாடி மாஸ்டர் உடனே ஒரு பையனைக் கூப்பிட்டு, ரப்பர் கத்தியைக் கொடுத்து, மணிக்கட்டைத் திருகி அவனைக் கீழே தள்ளிக் காட்டினார். பிரமாதம். அந்தப் பையன், மாஸ்டர் திருகும்வரை சமர்த்தாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். ரவுடி அப்படி நீட்டமாட்டான். இதே கேள்விக்கு ஷெட் மாஸ்டர் சொன்ன பதில்: "பர்ஸைக் குடுத்துட்டு ஓடுங்க. அதுக்குத்தான் இங்க மொதல்ல ஓடவிடுறேன்."

பிள்ளைகளைச் சேர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: கதவு. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? 'பேரன்ட்ஸ் இருந்தா கான்சன்ட்ரேஷன் போயிடும்' என்று கதவைச் சாத்துகிற இடத்தில், 'ஸ்பெஷல் கோச்சிங், தனியா அனுப்புங்க' என்கிற இடத்தில், பெல்ட் எத்தனையாவது டானாக இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இதில் தமாஷுக்கு இடமில்லை.

நண்பர் கடைசியில் ஷெட்டில்தான் சேர்ந்தார். (ஏ.சி. ஹாலின் வட்டி அவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.) ஒரு வருஷத்துக்குச் சேர்த்து ஃபீஸ் கட்டுகிறேன் என்று நீட்டியபோது மாஸ்டர் வாங்கிக்கொள்ளவில்லை. "ஒரு மாசம் ஒரு மாசமா கட்டுங்க. தாக்குப்பிடிக்கிறீங்களா பாக்கலாம்" என்றாராம். முதல் இரண்டு மாசம் விழுந்து எழுந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஆபீசில் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் 'அம்மா...' என்றார். இப்போது கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் இல்லை. பேன்ட்டுக்கு பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்.

வீட்டில்தான் மதிப்பில்லையாம். "ஏங்க, ஆறு மாசமாப் போறீங்களே, எப்பதான் ஓடு உடைப்பீங்க?" என்று மனைவி கேட்டிருக்கிறார். இவரும் ரோஷத்தோடு போய் மாஸ்டரிடம் கேட்டுவிட்டார்.

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தாராம். "உங்களுது ஓட்டு வீடா சார்? சொல்லுங்க, தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர் இருக்கார்."